பசியாறியாச்சா

அவலைப் போத்தலில் போட்டு
பிடோக் நீர்த்தேக்கத்துப் பூங்காக் குழாயில்
தண்ணீர் பிடித்து மூடுவேன், காலை ஆறரைக்கு.
தெம்பனிஸில் எட்டாவது பொட்டலம் கொடுக்கும்போது
ஊறியிருக்கும்.
சீனி போட்டால் காலைச் சாப்பாடு.
உப்புப் போட்டால் அதுவே மதியத்துக்கு,
வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டே.
கத்தி வைத்துக்கொள்வதில்லை.
நள்ளிரவில் போலீஸ் கண்ணாடியைத் தட்டினால்
என் கதையே போதும்,
கத்திக்கும் ஒரு கதை சொல்ல முடியாது.

வீட்டை விற்றுப் பங்கு பிரித்தபின்
வீவக வாடகை வீட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.
வரிசையில் என் எண் மெல்ல நகர்கிறது.
நான் ஒரு நாளைக்கு நூற்றுப்பத்துப் பொட்டலம்.
இரவில் அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளினால்
வேனுக்குள் ஓர் ஆள் நீளம் கிடைக்கும்,
காலை மடக்கினால்.

சார்டின் டின்னைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால்
துவாஸ் வெயில் அரைமணியில் சுட வைத்துவிடும்.
மழை நாளில் அது வெறும் டின்.
இரவு ஒன்பதுக்கு ரொட்டிக்கடையில்
மூன்று பன் இரண்டு வெள்ளி.
ஜியா வென் என்றொரு பெண்,
எனக்காகத் தேங்காய்ப் பன் ஒன்றைப்
பின்வரிசையில் மறைத்து வைப்பாள்.
அல்லது அது அங்கே மிஞ்சுகிறது,
நான் அப்படி நினைத்துக்கொள்கிறேன்.
வாழைப்பழத்தைச் சீப்பாக வாங்கக் கூடாது.
பூட்டிய வண்டிக்குள் இரண்டே நாளில் கறுத்து
யாரோ ஆர்டர் செய்த சட்டையில் போய் மணக்கும்.
தேக்காவில் ஒற்றைப் பழம் கேட்டால் முறைப்பார்கள்.
முறைக்கட்டும்.

கோயில் அன்னதானத்துக்கும் போனேன், இரண்டு வெள்ளிக்கிழமை.
மூன்றாவதில் சாம்பார் வாளியோடு வந்தவள்
பழைய அடுத்த வீட்டுக்காரி.
"என்ன கனகவல்லி, வேண்டுதலா?"
ஆமாம் என்றேன்.
அதன்பிறகு அந்த வேண்டுதலை நிறுத்திக்கொண்டேன்.

போன வாரம் வண்டியில் ஏறியது
ஒரு மின்சாரச் சோற்றுப்பானை.
சுவா சூ காங், பதினான்காவது மாடி. ஆள் இல்லை.
மறுநாளும் இல்லை.
மூன்று இரவு என் தலைமாட்டில் இருந்தது அந்தப் பெட்டி.
பெட்டியில் ஒரு படம், படத்தில் வெள்ளைச் சோறு,
சோற்றின்மேல் அச்சடித்த ஆவி.
சொன்னால் சிரிப்பீர்கள்.
அதன்மேல் கையை வைத்துப் பார்த்தேன்.

நான்காம் நாள் கதவு திறந்தது.
முகில்வாணன் என்று சீட்டில் பெயர்,
துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பையன்.
பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு
"பசியாறியாச்சாக்கா?" என்றான்.

இந்த ஊரில் அது ஒரு கேள்வியே இல்லை,
லிஃப்ட் வரும்வரை பேச ஒரு சொல்.
ஆனாலும் பதினான்கு மாடி இறங்கும்வரை
அதையே மென்றுகொண்டிருந்தேன்.
பசி ஆறும். சோறும் ஆறும்.
அடுப்பில்லாதவளுக்கு எல்லாமே
ஆறித்தான் வந்து சேருகிறது,
பசி மட்டும் வேளாவேளைக்குச் சுடச்சுட.

"ஆச்சு தம்பி" என்றுதான் சொல்லியிருந்தேன்,
"இங்கே ஒரு கையெழுத்து."

கீழே வந்தால் அவல் கூழாகியிருந்தது.
சீனி தீர்ந்ததும் அப்போதுதான் தெரிந்தது.
நின்றபடியே கரண்டியால் வழித்துச் சாப்பிட்டேன்.
இன்றைய கணக்கு:
எனக்கு நான்கு வெள்ளி எழுபது காசு,
இரவு முழுக்க நிற்பதற்கு வேனுக்கு ஐந்து.
டீசலைச் சேர்க்கவில்லை.
சேர்த்தால் எங்கள் இருவரில்
நன்றாகச் சாப்பிடுவது யாரென்று தெரிந்துவிடும்.

ஞாயிறு பகல் நிறுத்தக் கட்டணமில்லை.
ஞாயிற்றுக்கிழமை ஓர் அவித்த முட்டை.